அத்தாவின் பிளாஸ்டிக் கவர்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தின நிகழ்ச்சியில், சிறுநீரக நலம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் எங்களை அழைத்து, இரண்டாம் தலைமுறை மளிகை வியாபாரம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார். வியாபாரம் பேசத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நாங்கள் கொள்முதலும் விற்பனையும் பேசினால் நன்றாக இருக்காது. அதனால் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் சற்று யோசித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார். முன்னால் என்றோம். பின்னால் பிரியாணி வாசம் வருவது எங்களுக்கும் தெரிகிறது, சீக்கிரம் முடித்துவிடுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் டாக்டர்கள் அல்ல. தேக்காவில் அத்தா ஆரம்பித்த மளிகைக் கடையை நடத்தும் அண்ணன் தம்பி. மேடையில் நிற்பது தம்பி. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு மிளகாய்த்தூள் விற்பவர். அண்ணன் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்தப் பேச்சை இருவரும் சேர்ந்துதான் எழுதினோம், அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறோம். அத்தாவிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. "சொல்லுங்கலே, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார்.

அத்தாவுக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது. இப்போது 69. இடையில் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. பலதுறை மருந்தகத்துக்குத் தவறாமல் போவார். ரத்தம் கொடுப்பார், மாத்திரை வாங்குவார், தாளை வாங்கி மடிப்பார், கடைக்கு வந்து கல்லாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுவார். அந்த இழுப்பறையில்தான் எங்கள் சப்ளையர் பில்களும் இருக்கும். "டாக்டர் என்ன சொன்னாருத்தா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லல, எல்லாம் நார்மல்" என்பார். நாங்களும் வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிடுவோம்.

2021-இல் ஒரு நாள் டாக்டர் அண்ணனை உள்ளே கூப்பிட்டு, அத்தாவின் சிறுநீரக நோய் நான்காம் நிலையில் இருக்கிறது, சிறப்பு மருத்துவரிடம் அனுப்புகிறோம் என்றார். நான்காம் நிலை என்றால், மொத்தம் ஐந்து. அன்றிரவு கடை சாத்திய பிறகு அந்தக் கவரைப் பிரித்துத் தாள்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். இ-ஜி-எஃப்-ஆர் என்று ஒரு வரி எல்லாத் தாளிலும் இருந்தது. 2015-இல் 71. அடுத்த ஆண்டு 66. பிறகு 58, 51, 2019-இல் 41. கொவிட் ஆண்டில் போகவில்லை. 2021-இல் 27.

நம்மில் பெரும்பாலோர் வியாபாரக் குடும்பம். கிடங்கில் ஒரு சரக்கு ஆண்டுக்கு ஏழு, எட்டு மூட்டை காணாமல் போனால் நாம் என்ன செய்வோம்? இரண்டாம் ஆண்டே பூட்டை மாற்றிவிடுவோம். எங்கள் அத்தாவின் உடம்பில் ஆறு ஆண்டாகக் கசிந்துகொண்டிருந்தது. கணக்குப் புத்தகம் எங்கள் கல்லாவுக்குக் கீழேயே இருந்தது. டிப்ளோமா படித்த ஒருவரும் கணக்கில் புலியான ஒருவரும் அந்த வீட்டில் இருந்தோம். ஒருவரும் வாசிக்கவில்லை.

டாக்டர்கள் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கிறார்கள். அத்தாவைக் கேட்டபோது, "கிட்னி கொஞ்சம் வீக்குன்னாங்க, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடச் சொன்னாங்க" என்றார். சொன்னது ஆங்கிலத்தில், அத்தா தலையாட்டியது தமிழில். புரிகிறதா என்று கேட்டால் புரிகிறது என்று சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிற தலைமுறை அது. டாக்டர் அறைக்கு வெளியே அடுத்த நோயாளிகள் காத்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

சிறப்பு மருத்துவரிடம் போன பிறகு ஒரு தாதியைச் சந்தித்தோம். மலாய்க்காரர். அத்தாவுக்கு மலாய் சரளமாக வரும். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று அவர் கேட்கவில்லை. "பாக்சிக், வீட்டுக்குப் போனதும் மாக்சிக்கிடம் என்ன சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். அத்தா, "உப்பைக் குறைக்கணும், மருந்து சாப்பிடணும்" என்றார். "எந்த மருந்து எதற்கு?" என்றார் தாதி. அத்தா எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். ஏறத்தாழ இருபது ஆண்டாக விழுங்கிய மாத்திரைகளில் எது சர்க்கரைக்கு, எது அழுத்தத்துக்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அந்த அம்மா சலித்துக்கொள்ளாமல் மறுபடி ஆரம்பித்தார். அத்தா மூன்றாவது முறை சரியாகச் சொன்னார். அன்றுதான் அவருடைய நோயை அவர் கையில் ஒருவர் ஒப்படைத்தார் என்று எங்களுக்குத் தோன்றியது.

இனி அந்த எண்ணைப் பற்றி. இ-ஜி-எஃப்-ஆர் என்பது சிறுநீரகம் ரத்தத்தை எந்த வேகத்தில் வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவின் அளவையும் வயதையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 90-க்கு மேல் இருந்தால் வடிகட்டும் வேலை நன்றாக நடக்கிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. தமிழில் அச்சிட்ட கையேடு ஒன்று கொடுத்தார்கள், நல்ல கையேடுதான். ஆனால் அதில் 'நுண்குழல் முடிச்சு வடிகட்டல் வீதம்' என்கிற பாணியில் எழுதியிருந்தது. அம்மா வாசித்துவிட்டு, "இது யாருக்கு எழுதினது?" என்றார். "வடிகட்டி நூத்துக்கு இருபத்தேழுதான் ஓடுது" என்று அண்ணன் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. துல்லியமான சதவீதக் கணக்கு இல்லை என்றாலும், புரிந்துகொள்ள இது போதும் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

இது ஒரு எண். இரண்டாவது எண் சிறுநீரில் இருக்கிறது. அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை. வடிகட்டியின் வலை கிழிய ஆரம்பித்தால் முதலில் கசிவது இதுதான். கிரியேட்டினினுக்கும் அல்புமினுக்கும் உள்ள விகிதமாகத் தாளில் எழுதுவார்கள். 3-க்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் கடுமை. இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது இன்னொருவரைப் பிடித்துக் கொடுத்தது. பிறகு சொல்கிறோம்.

வலி இருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். இருக்காது, அதுதான் தொல்லை. அத்தாவுக்குக் கால் வீங்கியது, "நாள் முழுக்கக் கடையில நிக்கேன், வீங்காதா?" என்றார். சிறுநீர் நுரைத்தது, யார் அதைக் கவனிக்கிறார்கள்? களைப்பு, வயதாகிவிட்டது என்றோம். உடம்பு தானாக முறையிடும்போது வடிகட்டியில் பெரும்பகுதி போயிருக்கும்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குச் சர்க்கரை நோய்தான் காரணம். சர்க்கரையால் சிறுநீரகம் இழப்பவர்கள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. சர்க்கரை நோய்க்கு எதிரான போர் என்று 2016-இல் சுகாதார அமைச்சு அறிவித்தது சும்மா இல்லை. இந்தியர்களிடம் சர்க்கரை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். இந்த மண்டபத்தில் கைதூக்கச் சொன்னால் மின்விசிறிக் காற்று நின்றுவிடும்.

இப்போது மாத்திரை பற்றி. எங்கள் கடைக்கு வருபவர்கள் சரக்கு மட்டும் வாங்குவதில்லை, வைத்தியமும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதிகம் கேட்ட வாக்கியம் இது: "இங்கிலீஷ் மாத்திரை நிறைய சாப்பிட்டா கிட்னி போயிடும்." அத்தா இதை நம்பினார். எங்களுக்குத் தெரியாமல் அழுத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் குப்பையில் போட்டு வந்தார். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுத்தது கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும். அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகள் சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைப்பவை. அவர் உடைத்துப் போட்டது அந்த மாத்திரையைத்தான்.

அதே அத்தா, மூட்டு வலிக்கு ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த வலி மாத்திரையைத் தினம் இரண்டு போட்டார். அதை யாரும் இங்கிலீஷ் மாத்திரை என்று சொல்லவில்லை! டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸென், மெஃபெனாமிக் ஆசிட் ஆகியவை ஒரே குடும்பம். பலவீனமான சிறுநீரகத்துக்கு இவை ஆகாது. ஊர் மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் கிடைக்கும் என்பதால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அட்டை இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். மூட்டு வலிக்கு மந்திரம் போல வேலை செய்யும் மூலிகைப் பொடி, ஜாமு என்று யாராவது கொடுத்தால் இன்னும் கவனம் தேவை. அப்படிப்பட்ட சில பொருள்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது மந்திரம் போல வேலை செய்வதன் காரணம் அதுதான்.

அடுத்து உப்பு. இதில் குற்றவாளி நாங்களே.

அத்தாவுக்கு உப்பு குறைக்க வேண்டும் என்றதும் நாங்கள் சுறுசுறுப்பாகிவிட்டோம். உப்பு விற்பவர்கள் அல்லவா? எங்கள் கடை அலமாரியிலேயே சோடியம் குறைத்த உப்பு இருந்தது. சுகாதார மேம்பாட்டு வாரியமும் பொதுமக்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. வாடிக்கையாளரிடம் நாங்களே பெருமையாக எடுத்துக் கொடுத்திருக்கிறோம். சாதாரண உப்பைவிட விலை கூடுதல். அத்தாவுக்காகப் பணம் பார்க்கக் கூடாது என்று இரண்டு பாக்கெட் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் "இது நல்ல உப்பு, கூடப் போட்டாலும் பரவாயில்லை" என்று தாராளமாகப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. அன்று மாலையே தொலைபேசி அழைப்பு வந்தது: பொட்டாசியம் 6.1 இருக்கிறது, உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அத்தா கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் செய்யலயே" என்றார். மருத்துவமனையில் மார்பில் கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிந்தார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும், சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றும் போகலாம் என்று இளம் டாக்டர் ஒருவர் விளக்கினார். அன்றிரவும் மறுநாளும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

என்ன சாப்பிட்டார் என்று உணவு ஆலோசகர் துருவித் துருவிக் கேட்டார். உப்பு பாக்கெட்டைப் படம் எடுத்துக் காட்டினோம். பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். சேர்மானப் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அதனால் நன்மை. அத்தாவின் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அவர் சாப்பிடும் அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கக்கூடியது. மூன்றும் சேர்ந்துகொண்டன. பத்து ஆண்டுக்கு மேல் அந்த உப்பை விற்ற நாங்கள் ஒரு தடவையும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் கடையில் அந்த உப்பு இருக்கும் தட்டுக்குக் கீழே கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது: 'சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.' விற்பனை குறைந்ததா என்று ஒரு நண்பர் கேட்டார். குறையவில்லை. கேள்விகள்தான் கூடியிருக்கின்றன.

இதே வரிசையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நட்சத்திர வடிவில் வெட்டித் தருவார்களே, பெலிம்பிங் பழம், ஸ்டார் ஃப்ரூட். சிறுநீரக நோய் உள்ளவர் அதைத் தொடவே கூடாது. சாறாகவும் கூடாது. அதில் உள்ள நச்சுப்பொருளை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் ஆரம்பித்துக் குழப்பம், வலிப்பு வரை போகும். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக அதைக் குடிப்பவர்கள் உண்டு.

சாதாரண உப்பில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு அதுதான் எல்லை. 2022-இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிடுவது தெரிந்தது. எங்கள் கடை அலமாரியை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், சாஸ், ஸ்டாக் கியூப். அந்தச் சின்னக் கட்டியில் ஏறக்குறைய பாதி எடை உப்புதான். பானங்களில் ஏ, பி, சி, டி என்று தரம் போட்டிருப்பது போல உப்புக்கும் சாஸுக்கும் உடனடி நூடுல்ஸுக்கும் 2027 நடுவில் வரப்போகிறது என்று அமைச்சு அறிவித்திருக்கிறது. வியாபாரிகளாக எங்களுக்கு அது கொஞ்சம் வேலைதான். அத்தாவின் பிள்ளைகளாக, சீக்கிரம் வரட்டும் என்கிறோம்.

வீட்டில் அம்மா ஒரு முடிவெடுத்தார். அத்தாவுக்கு மட்டும் தனிச்சட்டியில் உப்பில்லாமல் சமைத்து வைத்தபோது, அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நோயாளிக்குத் தனி, மனுஷனுக்குத் தனியா?" என்று எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே சட்டி. உப்பைச் சட்டென்று எடுக்கவில்லை, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தார். எலுமிச்சை, மிளகு, சீரகம், வறுத்த மல்லி கூடின. இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது விருந்துக்குப் போனால் குழந்தைகள் "உப்பா இருக்கு" என்கிறார்கள். உருளைக்கிழங்கு, கீரை போன்றவற்றைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுப் பிறகு தாளிக்கிறார். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். இளநீர் நிறுத்தம். ஆட்டெலும்பு சூப் நிறுத்தம். அத்தா அதிகம் வருந்தியது அந்த சூப்புக்குத்தான்.

ஆனால் தயவுசெய்து எங்கள் அம்மாவின் சமையலை அப்படியே காப்பியடிக்காதீர்கள். மூன்றாம் நிலையில் ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பவர் பழத்தையும் கீரையையும் வீணாக விட்டுவிட வேண்டாம். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், செய்யாதவருக்கு அளவோடு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் உணவுத்தாள் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ரத்தப் பரிசோதனையை வைத்து உணவு ஆலோசகர் எழுதித் தருவதுதான் உங்களுடையது.

ரமலானைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. அத்தா 55 ஆண்டுக்கு மேல் ஒரு நோன்பையும் விட்டதில்லை. அந்த ஆண்டு டாக்டர் நோன்பு வேண்டாம் என்றார். நீர் வற்றினால் மிச்சமுள்ளதும் போகும், சர்க்கரை மாத்திரையோடு வெறும் வயிறும் ஆபத்து என்றார். அத்தா கேட்கவில்லை. டாக்டர் சொல்வதை இமாம் சொல்ல வேண்டியிருந்தது. இமாம் அவரை உட்காரவைத்து, நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, மீள வழியில்லாத நோயென்றால் ஃபித்யா கொடுக்கலாம், சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தா அங்கேயே அழுதார். அந்த ரமலானில் அவர் மற்றவர்களுக்காகப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றினார். எல்லாரும் நோன்பை விட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்கள் சிலருக்கு டாக்டர் மருந்து நேரத்தை மாற்றிக்கொடுத்து அனுமதிக்கிறார். கேட்பதை ஷாபான் மாதத்திலேயே கேளுங்கள். ரமலான் பத்தாம் நாள் மயங்கி விழுந்த பிறகு அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றும் நாளில் சில அழுத்த மாத்திரைகளையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். எவை என்று நாங்கள் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். நன்றாக இருக்கும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.

அத்தா இப்போது காலையும் இரவும் தானே அழுத்தம் பார்த்து, பழைய பேரேட்டில் எழுதுகிறார். பற்று வரவு பத்திகளில் மேல் எண்ணும் கீழ் எண்ணும். கவரில் உள்ள கடைசித் தாளில் இ-ஜி-எஃப்-ஆர் 21. நான்கு ஆண்டில் 27-லிருந்து 21. முன்பு ஓர் ஆண்டிலேயே அதைவிடக் கூடுதலாகப் போனது. போனது திரும்பி வரவில்லை, கசிவு குறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குத் தயாராகச் சொல்லிவிட்டார்கள். இடது கையில் ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விடக் கூடாது, நாளை டயாலிசிஸுக்கு அந்த நரம்பு வேண்டும் என்றார்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம் நிலையத்தில் செய்வது ஒரு வழி; வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்வது இன்னொரு வழி. கடையை விட முடியாத அத்தாவுக்கு இரண்டாவதில்தான் கண். செலவைப் பற்றிப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருப்பவர்கள் உண்டு. மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், குடும்ப வருமானத்தைப் பொறுத்த மானியம், 1969-இல் தொடங்கிய தேசியச் சிறுநீரக அறநிறுவனம் எல்லாம் இருக்கின்றன. மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் போதும். கேட்பதில் வெட்கமில்லை.

மாற்றுச் சிறுநீரகமும் ஒரு வழி. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-இல் வந்தபோது முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்படவில்லை, விரும்பியவர்கள் தாமாகப் பதிய வேண்டியிருந்தது. முயிஸின் ஃபத்வாக் குழு ஏற்றுக்கொண்ட பிறகு 2008 ஆகஸ்ட் 1 முதல் நாமும் மற்றவர்களைப் போலச் சேர்க்கப்பட்டிருக்கிறோம். இதை அறியாத பெரியவர்கள் இன்னும் பலர் இருப்பதால் சொல்கிறோம். இறந்தவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பது பல ஆண்டுக் காத்திருப்பு. அதனால் அண்ணன், "என்னுதைக் கொடுக்கேன்" என்றார். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை, அண்ணியின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. அண்ணன் எல்லாரையும் சமாதானப்படுத்தி முதல்கட்டப் பரிசோதனைக்குப் போனார்.

அண்ணனுக்கு 42 வயது. இ-ஜி-எஃப்-ஆர் 92. அருமையான எண். நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அடுத்த வரியைக் காட்டினார். சிறுநீரில் அல்புமின் விகிதம் 9. ஹெச்பி-ஏ-ஒன்-சி 7.4. சர்க்கரை நோய். எத்தனை ஆண்டாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 40 வயது ஆனவர்களுக்கு வரும் 'ஹெல்தியர் எஸ்ஜி' அழைப்பை அவர் கவனிக்காமலே விட்டிருந்தார். கொடுக்கப் போனவர் நோயாளியாகத் திரும்பி வந்தார்.

காரில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. காலாங் தாண்டிய பிறகு அண்ணன் சொன்னார்: "அத்தா தாளை எடுத்துப் பார். 2015-க்கு முன்னாடி அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்." அப்படித்தான் இருந்திருக்கும். அத்தாவைப் போல ஏழு ஆண்டு கழித்து அல்ல, முதல் நாளே அவர் அந்த எண்ணை வாசித்துவிட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். மாத்திரை ஆரம்பித்து, மதியச் சோற்றைப் பாதியாக்கி, கடைக்கு நடந்தே வருகிறார். எட்டு மாதம் கழித்து எடுத்த தாளில் 9 என்பது 4 ஆகியிருக்கிறது. இதைச் சொல்லச் சொன்னவரும் அவர்தான். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

பிரியாணி பரிமாறும் முன் ஒரு வேலை இருக்கிறது. மண்டபத்தின் பின்பக்கம் சங்கத்தின் தொண்டூழியர்கள் அழுத்தம் பார்க்க மேசை போட்டிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் நாங்கள் இருவரும் இருப்போம். அழைப்பிதழில் கேட்டுக்கொண்டபடி வீட்டுப் பெரியவர்களின் பரிசோதனைத் தாள்களைக் கொண்டுவந்தவர்கள் எங்களிடம் வாருங்கள். மருத்துவம் சொல்ல மாட்டோம். தேதி வாரியாக அடுக்கி, இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதித் தருவோம். சிறுநீர்ச் சோதனை எடுக்கவே இல்லை என்றால் அதையும் எழுதித் தருவோம். அடுத்த முறை டாக்டர் முன்னால் அந்தத் தாளை வையுங்கள்.

கொண்டுவர மறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் கடைக்கு வரலாம். அந்த நேரத்தில் அத்தாதான் கல்லாவில் இருப்பார். அவரிடமே கொடுங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இ-ஜி-எஃப்-ஆர் எங்கே இருக்கிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார்.